பத்துக் குழந்தைக்கு இரண்டு கை

திருவாரூர் மாவட்டத்தில் ஒரே நாளில் மூன்று பெண்களுக்குக் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பெண் அரசு ஊழியர். அவருக்கு 12 மாதம் மகப்பேறு விடுப்பு. 2021 ஜூலை முதல் தமிழ்நாடு அரசு ஒன்பது மாதத்தை ஓராண்டாக உயர்த்தியது. இரண்டாவது பெண் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். 2017-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அவருக்கு 26 வாரம். மூன்றாவது பெண் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற கூலித் தொழிலாளி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி அவருக்குத் தவணைகளில் கிடைக்கும். விடுப்பு என்ற ஒன்று கிடையாது. குழந்தைக்கு நாலு மாதமோ ஐந்து மாதமோ, நடவு தொடங்கிவிட்டால் அவர் சேற்றில் இறங்கியாக வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் நாளில் மூன்று பேருக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது: பிள்ளையை யாரிடம் விடுவது? 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தின் 12.64 லட்சம் மக்களில் சுமார் 80 சதவீதத்தினர் கிராமங்களில் இருக்கிறார்கள். எனவே இங்கே இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் கிராமத்துத் தாய்மார்கள். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை.

நகரத்தில் பதில் இருப்பதுபோலத் தோன்றும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் டே கேர்கள் சிறு ஊர்களுக்கும் வந்துவிட்டன. போய்ப் பார்க்கும் பெற்றோர் கண்ணில் முதலில் படுவது சுவரில் வரைந்த மிக்கி மவுஸ், ஏசி, சிசிடிவி, மூலையில் ஓடும் டிவி. இவற்றில் எதுவும் பத்து மாதக் குழந்தைக்குத் தேவையானது அல்ல. டிவி தேவையில்லாதது மட்டுமல்ல, கூடவே கூடாதது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே காட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கைக்குழந்தைப் பராமரிப்பின் தரத்தைத் தீர்மானிப்பவை வேறு. ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார், அந்த ஒருவர் நாளையும் இருப்பாரா, அவருக்கு என்ன தெரியும், என்ன சம்பளம், தாய் நடுவில் வந்து பால் கொடுக்க முடிகிறதா, மையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது. இவற்றில் ஒன்றையும் பெயின்ட் அடித்துச் சரிசெய்ய முடியாது.

எட்டு மாதக் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டுவதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். முதல் கரண்டியை நாக்கால் வெளியே தள்ளும். அது வேண்டாம் என்பதற்கு அடையாளம் இல்லை, விழுங்கப் பழகிக்கொண்டிருக்கிறது. ஊட்டுகிறவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு, குழந்தை தானே வாயைத் திறக்கும்வரை பொறுக்க வேண்டும். அது கரண்டியைப் பிடுங்கும். கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். தலையைத் திருப்பினால் போதும் என்று பொருள். இதற்கிடையே “இன்னும் ஒரு வாய்”, “அட, சாப்பிட்டாச்சா” என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் மொழி உள்ளே போவதும் அந்த நேரத்தில்தான். அவசரப்படாமல் செய்தால் இதற்கு இருபது நிமிடம் ஆகும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் கைக்குழந்தைகளை ஒருவர் பார்த்தால், ஒரு வேளை ஊட்ட மட்டும் 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். இரண்டு வேளைக்கு 6 மணி 40 நிமிடம். மத்திய அரசின் 2017 தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தின்படி மையம் திறந்திருக்க வேண்டியிருந்த நேரம் நாளுக்கு ஏழரை மணி. மிச்சம் 50 நிமிடம். அதற்குள் பத்துக் குழந்தைகளுக்கும் ஈரத்துணி மாற்ற வேண்டும், கால் கழுவ வேண்டும், ஒவ்வொரு தடவையும் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தூங்க வைக்க வேண்டும், அழுதால் தூக்க வேண்டும். எவ்வளவு நல்ல மனுஷியாக இருந்தாலும் இது நடக்காத காரியம். நடப்பது என்ன? ஒரே கிண்ணம், ஒரே கரண்டி, வரிசையாக உட்கார்ந்திருக்கும் வாய்கள். அல்லது மடித்த துணியில் சாய்த்து வைத்த பால் பாட்டில். துணி மாற்றிய கையாலேயே சோறு பிசைய வேண்டிவரும். அடுத்த வாரம் நாலு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது என்பதுதான் வருத்தம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் அமைக்க வேண்டிய காப்பகங்களுக்கு மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-ல் விதிமுறை வகுத்தது. அதன்படி மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஓர் உதவியாளர் போதும். ஆறு மாதக் குழந்தையும் இரண்டரை வயதுக் குழந்தையும் அதில் ஒரே எண்ணிக்கை. தேசியக் காப்பகத் திட்டத்தில் 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று இருந்தது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த நாட்டின் பணம் நம்மிடம் இல்லை, உண்மைதான். ஆனால் குழந்தையின் வயிறும் அழுகையும் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை.

அமெரிக்காவின் தேசியக் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனம் 1991-ல் பிறந்த ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பத்து இடங்களில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து சென்று ஆராய்ந்தது. வீட்டுச் சூழலின் செல்வாக்குதான் பெரியது என்று அது ஒப்புக்கொண்டது. அதோடு இன்னொன்றையும் கண்டது. ஒருவர் பார்க்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையும்போதும் குழு சிறிதாக இருக்கும்போதும் பராமரிப்பவர் குழந்தையின் குறிப்பறிந்து நடக்கிறார். அழுகை பசிக்கா, தூக்கத்துக்கா, பயத்துக்கா என்று பிரித்தறிய அவருக்கு நேரம் இருக்கிறது.

ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் 1946-ல் புடாபெஸ்ட்டின் லோட்சி தெருவில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். போரில் நொறுங்கிப்போன ஊர் அது. அங்கே பணமா கொட்டிக் கிடந்தது? அவர் வலியுறுத்தியவை எளிமையானவை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது ஆகிய நேரங்களில் அவசரம் கூடாது. செய்யப்போவதைக் குழந்தையிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஒரு குழந்தைக்கு அடிக்கடி ஆள் மாறக் கூடாது. மற்ற நேரத்தில் குழந்தையைத் தரையில் தன்போக்கில் புரளவும் தவழவும் விட வேண்டும். இந்த நான்கும் எந்தக் கிராமத்துக் கூடத்திலும் செய்யக்கூடியவை, ஆள் இருந்தால்.

ஆள் இருக்க வேண்டுமானால் சம்பளம் வேண்டும். 2017-ல் மாற்றியமைக்கப்பட்ட தேசியக் காப்பகத் திட்டம் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயும் உதவியாளருக்கு 1,500 ரூபாயும் மதிப்பூதியம் என்று நிர்ணயித்தது. மாதம் 26 நாள் வேலை. உதவியாளருக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாய்கூட வரவில்லை. வேறு எந்த வேலை கிடைத்தாலும் அவர் போய்விடுவார், போவதுதான் நியாயம். ஆனால் எட்டு மாதத்தை ஒட்டித்தான் குழந்தை தெரிந்த முகத்தை விடாமல் பற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. புது ஆளைக் கண்டு மிரள்வது அப்போதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முகம் மாறினால், பழகிய கையைத் தேடித் தேடி அழுது கடைசியில் தேடுவதையே நிறுத்திவிடும். “இப்பல்லாம் அழுவுறதே இல்ல, சமத்தா இருக்கு” என்று பெரியவர்கள் சொல்வதில் சில சமயம் இந்த அபாயமும் ஒளிந்திருக்கிறது.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, பெருமைப்பட வேண்டிய அளவுக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள். ஆனால் பகலில் மையத்துக்கு வந்து உட்கார்ந்து, விளையாடி, சோறும் முட்டையும் சாப்பிட்டுத் தூங்கி எழுவது பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள். ஆறு மாதம் முதல் கைக்குழந்தைக்குக் கிடைப்பது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுப் பாக்கெட், எடை பார்த்தல், தடுப்பூசிக்கு அழைப்பு. அந்த மாவைக் காய்ச்சி ஊட்ட வேண்டிய ஆள் வயலில் நிற்கிறார். வீட்டுக்குப் போன பாக்கெட்டில் எவ்வளவு கைக்குழந்தையின் வயிற்றுக்குப் போனது, எவ்வளவு மூத்த பிள்ளைகளுக்கு உருண்டையாகப் போனது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

அங்கன்வாடி ஊழியரிடமே கைக்குழந்தைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது தீர்வாகாது. முன்பருவக் கல்வி, எடைப் பதிவு, வீடு வீடாகப் போவது, சத்துமாவு விநியோகம், போதாதற்குப் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றும் வேலை என்று அவர் கை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. காலிப் பணியிடங்கள் வேறு. 2025-ல்தான் மாநில அரசு ஊழியர், உதவியாளர் என 7,783 இடங்களை நிரப்ப முடிவெடுத்தது. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்ற யோசனையை மத்திய அரசு 2022-ல் ‘பால்னா’ என்ற பெயரில் முன்வைத்தது, நாடு முழுவதும் 17,000 மையங்கள் என்பது இலக்கு. யோசனை நல்லது. ஆனால் கட்டடம்தான் பொதுவாக இருக்கலாம். கைக்குழந்தைக்கு ஆள் தனியாக இருக்க வேண்டும்.

காவிரிப் படுகைக்கு இதில் தனிக் கவலைகளும் உண்டு. முதலாவது தண்ணீர். வாய்க்கால், குளம், கொல்லைப்புறக் குட்டை இல்லாத கிராமம் இந்த மாவட்டத்தில் அரிது. நடக்கப் பழகிய குழந்தைக்கு ஒரு முழம் தண்ணீரே ஆபத்து. இதே போன்ற ஆற்றுப்படுகை நாடான வங்கதேசம் இதற்கு வழி கண்டிருக்கிறது. காலை ஒன்பது முதல் பகல் ஒரு மணிவரை, வீட்டில் எல்லோரும் வேலையாக இருக்கும் அந்த நேரத்தில், ஊர்ப் பெண் ஒருவர் தன் வீட்டிலேயே சிறு பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பார்த்துக்கொள்கிறார். இப்படி விடப்பட்ட குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. 2022-ல் அந்நாட்டு அரசு 16 மாவட்டங்களில் 8,000 மையங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. நீரில் மூழ்குவதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளில் பிள்ளைக் காப்பகமும் ஒன்று.

இரண்டாவது பூச்சி மருந்து. வரப்பு மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு நடவு நட்ட காலத்தில் வயலில் இருந்தது தழையும் சாணமும். இன்று பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் வரும். கழுவாத டப்பா வரப்பில் கிடக்கும். வயலோரம் கைக்குழந்தைக்கு இடமில்லை.

மூன்றாவதுதான் முக்கியம்: நேரம். நடவு ஆட்களை ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோ விடியற்காலையில் கிளம்பிவிடுகிறது. வெயில் ஏறும் முன் பாதி வேலை முடிந்தாக வேண்டும். அங்கன்வாடிக் கதவு திறப்பதற்குள் அந்தப் பெண்கள் பெரும்பாலும் இரண்டு மணி நேர வேலை முடித்திருப்பார்கள். தாயின் வேலை நேரத்தோடு பொருந்தாத காப்பகம், எவ்வளவு நல்ல காப்பகமாக இருந்தாலும், அவருக்குப் பயனில்லை.

நேரத்தை மாற்ற முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர்களில் தஞ்சைச் சீமைக் குடும்பங்கள் ஏராளம். ரப்பர் மரத்தில் பால் வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை. அதனால் பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்து ஆயாக் கொட்டகையும் இருட்டிலேயே திறந்தது. தோட்டத் துரைக்கு ரப்பர் பால் வேண்டியிருந்தது, கொட்டகை திறந்தது. அங்கே கிடைத்த பராமரிப்பு நல்ல பராமரிப்பு அல்ல. தோட்ட வேலைக்கு ஆகாத வயதான ஒரு பெண், அவரைச் சுற்றி ஏகப்பட்ட குழந்தைகள். ஆனால் வேலை தொடங்கும் நேரத்தில் காப்பகத்தைத் திறப்பது நூறாண்டுக்கு முன்பே சாத்தியமாக இருந்தது. குஜராத்தில் சேவா என்ற தொழிலாளர் சங்கத்தின் பெண்கள் நடத்தும் குழந்தைகள் மையங்களும் புகையிலை வேலைக்கும் கூலி வேலைக்கும் போகும் தாய்மார்களின் நேரத்தை அனுசரித்தே இயங்கிவந்திருக்கின்றன.

நேரத்தோடு தூரமும் சேர்ந்தது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பது எல்லாச் சுகாதார நிலையச் சுவரிலும் எழுதியிருக்கிறது. தாய் நான்கு கிலோமீட்டர் தள்ளி நடவில் நின்றால் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு? நிறுவனங்களில் வேலை செய்யும் தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வரலாம் என்று 2017 திருத்தம் உரிமை கொடுத்தது. வயலுக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் ஒரு வழி காட்டியது. வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்றது. மர நிழலைக் கடந்து அது பல இடங்களில் வளரவில்லை. ஆனால் பிள்ளை பார்ப்பது கூலிக்குரிய வேலை என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

“வீட்டில் அப்பாயி இருக்கிறார், அம்மாயி இருக்கிறார், எதற்குக் காப்பகம்?” என்ற பேச்சு ஊரில் இன்றும் உண்டு. ஆனால் நடவு வரிசையில் குனிந்து நிற்பவர்களைப் பார்த்தால் தெரியும், அதில் பாதிப் பேர் அந்த அப்பாயிகளும் அம்மாயிகளும்தான். இளையவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட ஊர்களில் வயல் வேலையைத் தாங்குவது ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். அவர்களும் இல்லாதபோது தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டில் நிற்பது அக்காள். அவளுடைய பள்ளி வருகைப் பதிவேட்டில் அன்று ஒரு சுழி விழும்.

இதைப் பல்லாண்டுகளுக்கு முன்பே சொன்னவர் மீனா சுவாமிநாதன். ‘வாசவேச்வரம்’ நாவலை எழுதிய கிருத்திகாவின் மகள். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் மனைவி. முன்பருவக் குழந்தைகள் குறித்து ஆராய அவர் தலைமையில் அமைந்த குழு 1972-ல் கொடுத்த அறிக்கை, 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகோலியது. இன்றைய அங்கன்வாடிகள் அதிலிருந்து வந்தவையே. பிறகும் அவர் ஓயவில்லை. காப்பகம் என்பது குழந்தைக்கு மட்டுமான சேவை அல்ல, வேலைக்குப் போகும் தாய்க்கும் பள்ளிக்குப் போக வேண்டிய அக்காளுக்கும் சேர்த்தே என்று கடைசிவரை வாதாடினார். 2022 மார்ச்சில் அவர் மறைந்தார். அங்கன்வாடி வளர்ந்த அளவுக்கு அவர் கேட்ட காப்பகம் வளரவில்லை.

பக்கத்து மாநிலம் முந்திக்கொண்டிருக்கிறது. 2023-ல் கர்நாடக அரசு 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் ‘கூசின மனை’ என்ற பெயரில் குழந்தைகள் காப்பகங்களை அறிவித்தது. நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பராமரிப்பாளர்களாக அமர்த்தும் திட்டம் அது. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவர்கள் அமைப்பு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காட்டோரக் கிராமங்களில் ‘புல்வாரி’ மையங்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. பணக்கார மாநிலங்களால் மட்டுமே முடிகிற வேலை அல்ல இது.

திருவாரூரில் இதைத் தொடங்கத் தேவையான எல்லாமே இருக்கின்றன. அங்கன்வாடிக் கட்டடங்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், கிராம சுகாதார செவிலியர்கள், 2010 முதல் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி. கூலித் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பத்துக் கிராமங்களை நன்னிலம், குடவாசல், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கங்களில் தேர்ந்தெடுத்து மாவட்ட நிர்வாகம் முதல் கட்டமாக ஆரம்பிக்கலாம். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயங்களில் சமரசம் கூடாது. ஒன்றரை வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒரு பெண். நான்கு பேருக்கு இரண்டு வேளை ஊட்ட அவருக்கு 2 மணி 40 நிமிடம் போதும், மிச்ச நேரம் குழந்தையுடையது. அந்தப் பெண்ணுக்கு நடவுக் கூலிக்குக் குறையாத சம்பளம், ஓராண்டாவது தொடர்வார் என்ற உறுதி. மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் நலப் பிரிவு தரும் பயிற்சி, அதில் மூச்சடைப்புக்கு முதலுதவி, கை கழுவுதல், குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தல் கட்டாயம். நடவு, அறுவடைக் காலங்களில் விடியற்காலை ஆறு மணிக்குக் கதவு திறப்பது.

நகரத்துத் தனியார் மையங்களையும் விட்டுவிடக் கூடாது. எத்தனை கைக்குழந்தைகள், எத்தனை பராமரிப்பாளர்கள், அவர்கள் எத்தனை மாதமாக அங்கே வேலை செய்கிறார்கள் என்ற மூன்று எண்களை வாசல் பலகையில் எழுதிவைக்கச் சொல்லி நகராட்சிகள் கட்டாயப்படுத்தலாம். பெற்றோரும் சேர்க்கைக்குப் போகும்போது மிக்கி மவுஸைப் பார்ப்பதை விட்டு, முன்னறிவிப்பில்லாமல் பதினொரு மணிவாக்கில் சாப்பாட்டு நேரத்தில் போய் அரை மணி நேரம் நின்று பார்ப்பது நல்லது. உள்ளே விட மறுத்தால் அங்கே சேர்க்க வேண்டாம்.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது மரபு. அந்தத் தேதிக்கு முன்னால் விதைநெல் இருப்பு, உரம், பயிர்க்கடன், தூர்வாரும் பணி என்று ஒவ்வொன்றுக்கும் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது, இலக்கு வைக்கப்படுகிறது, அமைச்சர்கள் வந்து பார்வையிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் கைக்குழந்தைக் காப்பகத்தையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். எத்தனை கிராமத்தில் திறந்தது, எத்தனை குழந்தைகள், எத்தனை பராமரிப்பாளர்கள், சம்பளம் எத்தனாம் தேதி போய்ச் சேர்ந்தது என்று ஆட்சியர் அலுவலகம் நடவு முடிவதற்குள் கணக்கு வெளியிட வேண்டும். முதல் ஆண்டில் பத்துக் கிராமம் போதும். மாவட்டம் முழுவதற்கும் என்ன செலவாகும் என்பதை அந்தப் பத்தின் கணக்கிலிருந்தே அரசு தெரிந்துகொள்ளலாம்.